ஹெபடைடிஸ் சி: மருந்தை இப்போதே தொடங்குவதா, தள்ளிப்போடுவதா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் ரத்தப் பரிசோதனையில் ‘ஹெச்.சி.வி ரியாக்டிவ்’ (ஹெச்.சி.வி என்பது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி) என்று வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

எங்கள் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிருமி உடம்பில் இருப்பது உறுதியானால் மருந்தைத் தொடங்குவதே பொது விதி. தள்ளிப்போட நியாயமான காரணங்கள் சில உண்டு. அப்படித் தள்ளிப்போட்டால் காரணம் இன்னது, எந்த மாதம்வரை என்று இரண்டையும் மருத்துவச் சீட்டில் எழுதி வாங்குங்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்பது இரண்டுமே இல்லாத பேச்சு.

ரிப்போர்ட்டுல ரியாக்டிவ்னு இருக்கு. எனக்கு நோய் இருக்குன்னுதானே அர்த்தம்?

இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி தொற்றிய 100 பேரில் 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே அது போய்விடும். ஆனால் எதிர்ப்பொருள், ஆறிய காயத்தின் தழும்பு மாதிரி ஆயுசுக்கும் இருக்கும்.

அடுத்துச் செய்ய வேண்டியது ‘ஹெச்.சி.வி ஆர்.என்.ஏ’ பரிசோதனை, ‘வைரல் லோடு’ என்றும் எழுதுவார்கள். அதில் கிருமி இல்லை என்று வந்தால் மருந்து தேவையில்லை. இருக்கிறது என்று வந்தால் கீழே உள்ள எல்லாம் உங்களுக்கானது. பலர் நம்பிக்கை வராமல் வேறு வேறு லேபில் அதே எதிர்ப்பொருள் பரிசோதனையை மறுபடி மறுபடி எடுத்துக் காசைக் கரைக்கிறார்கள். அது எத்தனை முறை எடுத்தாலும் ரியாக்டிவ் என்றே வரும்.

நான் குடிக்கிறதே இல்லைங்க. எனக்கு எப்படி வந்துருக்கும்?

இது ரத்தத்தின் வழியாகப் பரவுவது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்துதல், அடுத்தவர் முகத்தில் பட்ட சவரக்கத்தி, 2000களின் தொடக்கத்துக்கு முன் ஏற்றிய ரத்தம் ஆகியவை வழக்கமான வழிகள். தானம் பெறும் ரத்தத்தை ஹெச்.சி.விக்காகச் சோதிப்பது இந்தியாவில் அதன் பிறகுதான் கட்டாயமானது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கொசுவாலோ, ஓடைத் தண்ணீராலோ வராது. வீட்டில் பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் இவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

பலருக்கு எங்கிருந்து வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. அதைத் தேடிக்கொண்டு சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டாம்.

எனக்கு ஒண்ணுமே பண்ணலையே. தினமும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிட்டுதான் இருக்கேன். நல்லா இருக்கறப்ப எதுக்கு மாத்திரை?

இந்த நோய் இருபது முப்பது வருஷம் சத்தமே இல்லாமல் இருக்கும். கிருமி தங்கிவிட்டவர்களில் 100க்கு 15 முதல் 30 பேருக்கு 20 வருஷத்துக்குள் ஈரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் வருகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, ரத்த வாந்தி, நினைவு தடுமாறுவது எல்லாம் அதற்கும் பிறகு வருபவை. தொந்தரவு தெரியட்டும் என்று காத்திருப்பது, ஈரல் கெட்ட பிறகு தொடங்குவதாகவே முடியும்.

மது, சர்க்கரை நோய், அதிக எடை, ஹெபடைடிஸ் பி, ஹெச்.ஐ.வி இவற்றில் ஏதாவது கூட இருந்தால் வேகம் அதிகம். நாற்பது வயதுக்கு மேல் தொற்றியவர்களுக்கும் அப்படியே.

எங்க சித்தப்பாவுக்கு அப்பவே கண்டுபிடிச்சு, ‘இப்ப வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம்’னு பெரிய டாக்டரே சொன்னாராம். நீங்க உடனே ஆரம்பிக்கச் சொல்றீங்களே?

அந்த மருத்துவர் அன்று சொன்னது சரிதான். அன்றைக்கு இருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். 24 வாரம் அல்லது 48 வாரம் போட வேண்டும். ஊசி போட்ட ராத்திரியெல்லாம் காய்ச்சலும் உடம்பு வலியும். ரத்த அணுக்கள் குறையும். சிலருக்கு மனச்சோர்வு உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றும் அளவுக்குப் போகும். செலவோ லட்சக்கணக்கில். இவ்வளவும் பட்டுச் சிலவகைக் கிருமிக்குப் பாதிப் பேருக்குத்தான் குணமாகும். ஈரல் அதிகம் கெடாதவரைப் பார்த்து “நல்ல மருந்து வரட்டும், காத்திருங்கள்” என்று சொன்னது பொறுப்பான யோசனை.

அந்த நல்ல மருந்து வந்துவிட்டது. சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015 முதல் இந்திய நிறுவனங்களின் மலிவான மாத்திரைகள் கிடைக்கின்றன. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஊசி கிடையாது. 12 வார மாத்திரையில் 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்குக் கிருமி முழுவதும் போய்விடுகிறது.

ஆகவே உங்கள் சித்தப்பாவைத்தான் முதலில் அழைத்துப் போக வேண்டும். அன்று காத்திருக்கச் சொல்லப்பட்ட பலர் அந்தப் பேச்சோடு நின்றுவிட்டார்கள். நோய் அங்கே நின்றுவிடவில்லை.

எஸ்.ஜி.பி.டி நார்மல். ஆனா வைரல் லோடு 40 லட்சம்னு வந்துருக்கு. எதை நம்பறது?

இரண்டையும் வைத்து ஈரலின் நிலையை முடிவு செய்ய முடியாது. எஸ்.ஜி.பி.டி என்பது ஈரல் அணுக்கள் சேதமாகும்போது ரத்தத்தில் ஏறும் ஒரு என்சைம்; அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். அது நார்மலாக இருக்கும்போதே ஈரலில் தழும்பு ஏறிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வைரல் லோடு 40 லட்சம் என்றால் ஈரல் மோசம், 40 ஆயிரம் என்றால் பரவாயில்லை என்பதும் இல்லை. அந்த எண் கிருமி இருக்கிறதா, பின்னால் போய்விட்டதா என்று பார்க்க மட்டுமே. லோடு குறைகிறதா என்று மாதாமாதம் எடுப்பது வீண் செலவு.

அப்ப ஈரல் எவ்வளவு கெட்டிருக்குன்னு எப்படித் தெரியும்? ஃபைப்ரோஸ்கேனுக்குக் கோயமுத்தூர் போயே ஆகணுமா?

ஃபைப்ரோஸ்கேன் என்பது ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன். பெரும்பாலானவர்களுக்கு அது இல்லாமல், மலையை விட்டு இறங்காமலே கணக்குப் போட்டுவிடலாம். தேவை மூன்று எண்கள்: எஸ்.ஜி.ஓ.டி (எஸ்.ஜி.பி.டி மாதிரி இன்னொரு என்சைம்), எஸ்.ஜி.பி.டி, பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களின் எண்ணிக்கை). வயதும் வேண்டும்.

முதல் கணக்கு ஏ.பி.ஆர்.ஐ. உங்கள் எஸ்.ஜி.ஓ.டியை, லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கும் உச்ச அளவால் வகுத்து, 100ஆல் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி அதனால் வகுக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி 60, லேபின் உச்சம் 40, பிளேட்லெட் 2,50,000 என்றால் 60ஐ 40ஆல் வகுக்க 1.5, நூறால் பெருக்க 150, 250ஆல் வகுக்க 0.6. இது 2ஐத் தாண்டினால் சிரோசிஸ் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். எஸ்.ஜி.ஓ.டி 90, பிளேட்லெட் 1,00,000 என்று இருப்பவருக்கு 2.25 வரும், அவர் சிரோசிஸ் இருக்கலாம் என்ற வரிசை.

இரண்டாவது எஃப்.ஐ.பி-4. வயதை எஸ்.ஜி.ஓ.டியால் பெருக்கி மேலே வையுங்கள். பிளேட்லெட்டை (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.டியின் வர்க்கமூலத்தால் பெருக்கிக் கீழே வையுங்கள். முதலில் சொன்ன எண்களோடு வயது 52, எஸ்.ஜி.பி.டி 64 என்றால் 3120ஐ 2000ஆல் வகுக்க 1.56. இதில் 3.25க்கு மேல் போனால் எச்சரிக்கை. இரண்டு கணக்கும் முரண்பட்டாலோ, வயிற்று ஸ்கேனில் மண்ணீரல் பெருத்திருந்தாலோ ஃபைப்ரோஸ்கேனுக்குக் கீழே போவது நியாயம். ஒரு எச்சரிக்கை: டெங்குவோ வேறு காய்ச்சலோ இருக்கும்போது எடுத்த பிளேட்லெட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குணமாகிச் சில வாரம் கழித்து எடுத்த எண்தான் செல்லும்.

என்ன மாத்திரை, எத்தனை நாள், எங்கே கிடைக்கும்?

சிரோசிஸ் இல்லாதவர்களுக்குச் சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் டாக்ளாடாஸ்விர் 60 மில்லிகிராமும், தினம் ஒருவேளை, 12 வாரம். சிரோசிஸ் வந்தும் ஈரல் இன்னும் தாக்குப்பிடிப்பவர்களுக்குச் சோஃபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, அதுவும் 12 வாரம். ஒரு டப்பாவில் 28 மாத்திரை; மூன்று டப்பா, 84 நாள்.

தலைவலி, அசதி, லேசான குமட்டல் வரலாம். முதல் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மேலே சொன்ன தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தின் சிகிச்சைப் பிரிவைப் பற்றி விசாரியுங்கள். போகுமுன் 104 எண்ணில் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் வேலை மிச்சம்.

இப்ப கொழுந்து சீசன். ரெண்டு மாசம் கழிச்சு ஆரம்பிக்கலாமுங்களா?

சிரோசிஸ் இல்லாதவருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் ஈரலுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் இந்த மாத்திரைக்காகச் சீசனை விட வேண்டிய அவசியமே இல்லை. தின்றுகொண்டே வேலைக்குப் போகலாம். நாள் சம்பளம் போவது மாத்திரையால் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களால். அவற்றை அடுத்த கேள்வியில் குறைத்துக் காட்டுகிறோம்.

கணக்கில் சிரோசிஸ் என்று வந்தவர் சீசனுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஈரல் ரொம்பக் கெட்டதால் ரிபாவிரினும் சேர்த்து எழுதப்பட்டவர் மட்டும் வேலையைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அது ஹீமோகுளோபினைக் குறைக்கும். மேட்டில் கூடையைச் சுமந்து ஏறும்போதுதான் அந்த மூச்சிரைப்பு முதலில் தெரியும்.

பந்தலூர்ல இருந்து ஊட்டிக்கு எத்தனை தடவை போகணும்? மழையில ரோடு போயிட்டா மாத்திரை நின்னுடுமே?

முதல் நாள் ரத்தம் கொடுக்க, பிறகு மருந்து தொடங்க, அடுத்து இரண்டு முறை டப்பா வாங்க, மருந்து முடிந்து 12 வாரம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. ஆக ஐந்து நடை. ஆர்.என்.ஏவுக்குக் கொடுக்கும் அன்றே ரத்த அணுக்கள், ஈரல், கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), சர்க்கரை, ஹெபடைடிஸ் பி, ஹெச்.ஐ.வி எல்லாவற்றுக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் விடுவதால்தான் ஒரு நடை மூன்றாகிறது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர்–மேட்டுப்பாளையம் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மண் சரிவு வழக்கம். டப்பா காலியாகும் நாளில் கிளம்பாதீர்கள். ஏழு மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். அதே மழைக்காலத்தில் தொடங்க வேண்டியிருந்தால், இரண்டு டப்பா சேர்த்துத் தர முடியுமா என்று காரணத்தைச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் ஆஸ்பத்திரி போகும் நாளில் மாத்திரையை வீடு திரும்பி, சாப்பிட்ட பிறகு இரவில் போடலாம். எப்போதுமே இரவு நேரத்தை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் (வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை என்றால் மூன்று மணி நேரத்துக்குள்) வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போட வேண்டும். வழக்கமான நேரத்துக்கு மறந்துபோய், 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும். ஒருபோதும் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

மருமகளுக்கு நாலு மாசம். செக்கப்புல இது வந்துருச்சு. குழந்தைக்கு ஆபத்தா? இப்பவே மாத்திரை குடுக்கலாமா?

இது தள்ளிப்போட வேண்டிய இடம். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரைகளைத் தொடங்குவதில்லை. பிரசவம் முடிந்து, தாய்ப்பால் நிறுத்திய பிறகு தொடங்குவார்கள். அந்த மாதத்தை இப்போதே சீட்டில் குறித்துவிடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தரலாம், காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் ஆறும்வரை அந்தப் பக்கம் நிறுத்தினால் போதும்.

குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு சுமார் 5. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் பல மாதம் இருக்கும் என்பதால் எதிர்ப்பொருள் பரிசோதனையை 18 மாதத்துக்குப் பிறகு எடுப்பதுதான் சரி. இன்னும் குழந்தை உண்டாகாத பெண் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே 12 வாரத்தை முடித்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

எனக்கு டி.பி மாத்திரை ஓடுது. ரெண்டையும் சேர்த்துத் தின்னலாமா?

கூடாது. டி.பி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், ஹெபடைடிஸ் சி மாத்திரையை ஈரலிலேயே வேகமாகச் சிதைத்துவிடும். மருந்து ரத்தத்தில் நிற்காது, நோயும் போகாது. முதலில் டி.பி சிகிச்சையை முடித்துவிட்டு, சுமார் இரண்டு வாரம் இடைவெளி விட்டுத் தொடங்குவார்கள். இந்தத் தாமதத்துக்குக் காரணமும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது.

வலிப்புக்குக் கார்பமசிபின், ஃபெனிடாயின், ஃபினோபார்பிடால் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல். அவர்கள் வலிப்பு மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றிய பிறகு தொடங்கலாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்கள் சோஃபோஸ்புவிர் சேர்த்தால் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். வெல்படாஸ்விர் எடுப்பவர்கள் நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடித்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே பாதுகாப்பு.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கிருமி குறையும்போது சர்க்கரையும் இறங்கலாம். அதே பழைய அளவில் இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரை வரும். முதல் மாதம் அடிக்கடி சோதியுங்கள்.

பி, சி ரெண்டுமே இருக்குன்னு சொல்றாங்க.

சியை மட்டும் விரட்டினால், அதுவரை அடங்கியிருந்த பி கிருமி கிளம்பி ஈரலைத் தாக்கலாம். அதனால்தான் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். பி இருப்பவர்களுக்கு டெனோஃபோவிர் போன்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்துத் தொடங்குவார்கள். அந்த ஏற்பாட்டுக்குச் சில வாரம் ஆகலாம். அதற்கு மேல் தள்ள வேண்டியதில்லை.

எங்க பையனுக்கு சிக்கிள் செல். அடிக்கடி ரத்தம் ஏத்தறோம். இப்ப இதுவும் வந்துருச்சு. அவனுக்கு மருந்து தாங்குமா?

தாங்கும். சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். இந்தியாவில் அது முதன்முதலில், 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், குறும்பர் குடும்பங்களுக்கு இது புதிய பெயரில்லை. பல முறை ரத்தம் ஏற்றியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது ஹெச்.சி.வி சோதித்துக்கொள்வது அவசியம்.

இவர்களுக்கு ஒரே ஒரு தடை: ரிபாவிரின் கூடாது. அது சிவப்பணுக்களை உடைக்கும்; சிக்கிள் செல்லில் அவை ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கின்றன. ரிபாவிரின் சேராத மாத்திரை தாராளமாகக் கொடுக்கலாம். ஈரல் ரொம்பக் கெட்டு, ரிபாவிரின் சேர்க்க வேண்டிய கட்டம் என்றால் அதை விட்டுவிட்டு 24 வாரமாக நீட்டுவார்கள். சீட்டில் ‘சிக்கிள் செல்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது, அது ஏறட்டும் என்று சொல்லி இவர்களின் சிகிச்சையை நிறுத்திவைப்பது எங்கள் பார்வையில் தவறு. அவர்களுடைய ஹீமோகுளோபின் எப்போதும் அந்த அளவில்தான் இருக்கும்.

குடியை நிறுத்தினாத்தான் மருந்தாமே? எங்க வீட்டுக்காரரால முடியலைங்க.

குடிப்பழக்கம் மருந்தை மறுப்பதற்குக் காரணம் ஆகாது. தினமும் மாத்திரையைத் தவறாமல் போட முடிந்தால் குடிப்பவருக்கும் கிருமி போகும். குடி தொடர்ந்தால் ஈரல் கெடுவதும் தொடரும் என்பது வேறு விஷயம். அதற்கும் கூடவே உதவி தேட வேண்டும். மாத்திரைப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டோடு கையில் கொடுங்கள்.

ஆறு மாசம் கீழாநெல்லி சாப்பிட்டுப் பார்க்கட்டுமா?

கீழாநெல்லியால் இந்தக் கிருமி ஒழிந்ததற்கு ஆதாரம் இல்லை. மஞ்சள் காமாலை பலவற்றால் வரும். தானாகவே தீருகிற வகையில் கீழாநெல்லி குடித்தவர்கள் அதனால் தீர்ந்ததாக நம்புகிறார்கள். சீந்தில் கொடிப் பொடி சிலருக்கு ஈரல் அழற்சியை உண்டாக்கியது பதிவாகியிருக்கிறது. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், சூரணம் எதையும் அந்த 84 நாளில் எடுக்காதீர்கள்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு எழுதினப்பதான் தெரிஞ்சது. ஆபரேஷனைத் தள்ளணுமா? எழுபத்திரண்டு வயசுல இந்த மருந்து வேணுமா?

கண்புரை ஆபரேஷனைத் தள்ள வேண்டியதில்லை. வயிறு, பித்தப்பை போன்ற பெரிய ஆபரேஷன் என்றால் முதலில் மேலே சொன்ன கணக்கைப் போட்டுச் சிரோசிஸ் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இருந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும்.

வயது தடையில்லை. எழுபதில் ஈரல் கெடும் வேகம் முப்பதைவிட அதிகம். வேறு தீராத நோயால் ஆயுளே ஓராண்டுக்குள் என்று தெரிந்த நிலையில் மட்டும் வேண்டாம் என்று விடுவது நியாயம்.

வயித்துல நீர் கோத்து ரெண்டு தடவை எடுத்தாச்சு. இனிமே மாத்திரை குடுத்து என்ன ஆகப்போகுது?

கொடுக்கலாம், ஆனால் உள்ளூரில் தொடங்கக் கூடாது. சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விரோடு ரிபாவிரினும் சேர்த்து 12 வாரம், ஈரல் நிபுணர் இருக்கும் மையத்தில், அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே தரப்படும். ரிபாவிரின் எடுப்பவர் பெண்ணானாலும் ஆணானாலும், சிகிச்சை நேரத்திலும் முடிந்து குறைந்தது ஆறு மாதம்வரையிலும் தம்பதிக்குள் கர்ப்பம் உண்டாகவே கூடாது.

கிருமி போனால் பலருக்கு ஈரல் ஓரளவு தேறும். எல்லோருக்கும் தேறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஈரல் மிக மோசமாக இருந்து மாற்று அறுவைக்குப் பதிந்தவர்களுக்கு, முதலில் மாற்று அறுவை, பிறகு மாத்திரை என்று நிபுணர்கள் முடிவெடுப்பது உண்டு. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் அதற்கான சிகிச்சையே முதலில். இந்த இரண்டு தாமதமும் கவனக்குறைவால் வருவதில்லை. வீட்டார் அதைப் புரிந்துகொண்டால் வீண் மனக்கசப்பு இருக்காது.

மாத்திரை முடிஞ்சுது. மறுபடி டெஸ்ட் எடுத்தா ரியாக்டிவ்னே வருதே! மருந்து வேலை செய்யலையா?

நீங்கள் எடுத்தது எதிர்ப்பொருள் பரிசோதனை; முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள். எடுக்க வேண்டியது ஆர்.என்.ஏ. அதுவும் மருந்து முடிந்த அன்றில்லை, 12 வாரம் கழித்து. அப்போது கிருமி இல்லை என்று வந்தால் குணம். இந்தக் கடைசி நடைக்குத்தான் பலர் வருவதில்லை. தேதியை டப்பாவிலேயே எழுதிவையுங்கள்.

குணமான பிறகும் ரத்த தானம் செய்ய முடியாது. இதற்குத் தடுப்பூசி இல்லாததால் மறுபடி தொற்றவும் கூடும். அந்தப் பரிசோதனையில் கிருமி இன்னும் இருந்தால், அதே மாத்திரையை நீங்களாக வாங்கித் தொடராதீர்கள். அடுத்த சுற்றுக்கு மருந்தும் கால அளவும் மாறும், பெரிய மையத்தில்தான் முடிவு செய்வார்கள். சிரோசிஸ் வந்திருந்தவர்கள் கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரல் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர, அவர்களுக்கு முழுவதும் நீங்குவதில்லை.